முழம் போட்டு விற்ற சாசேஜ்

ஆட்டின் குடலைக் கழுவி, அதற்குள் ஆட்டின் கறியையே அடைத்து விற்பதுதான் என் தொழில். கேட்டால் சிரிப்பு வரும், செய்து பார்த்தால் அழுகை வரும், விற்று முடித்தால் மறுபடி எப்போது செய்வோம் என்று கை பரபரக்கும்.

வீட்டு அடுப்பை நம்பித் தொழில் ஆரம்பித்த அம்மாமார்களுக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்கும். ஆனால் ஊறுகாய் போட்டவர்களுக்கும் முறுக்கு சுட்டவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. அந்தப் பண்டம் என்னவென்றாவது ஊருக்குத் தெரியும். நான் செய்ய வந்ததை எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை!

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கம். கொஞ்சம் நெல் நிலம், ஒரு மோட்டார் கொட்டகை, மாமியார், வீட்டுக்காரர், கைக்குழந்தை, நான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் வர ஆரம்பித்த எழுபதுகள் அது. வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் ஹெல்பர் வேலை. மிஷின் பூட்டுவதற்காக வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து கம்பெனி கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் காலை நாஷ்டாவுக்கு சாசேஜ் இல்லாமல் முடியாதாம். மெட்ராசில் வாங்கி ரயிலில் கொண்டுவந்தால், வெயிலில் வந்து சேரும்போதே வாடை அடித்துவிடும். கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் ஜார்ஜ் அண்ணன் எங்கள் வீட்டுக்காரரிடம், "உங்க ஊர்ல யாராச்சும் கறி வேலை சுத்தமா செய்யறவங்க கீறாங்களாப்பா? ஆட்டுக்கறியில செஞ்சா கூடப் போதும்" என்று கேட்டிருக்கிறார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, என் கையால் ஒரு தொழில்! மாமியார் மட்டும் ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குள் வாராவாரம் வாங்குகிற மாதிரி நிலையான ஆர்டர் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அடுப்பை அணைத்துவிட்டு, மார்கழியில் வரும் நவரை நெல் நடவுக்கு நான் வயலில் இறங்க வேண்டும். நடவு எனக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் அது எங்கள் வயல். இதுவோ என்னுடைய தொழில். விடுவேனா?

டிபன் பாக்சில் வந்த வாத்தியார்

முதலில் சாசேஜ் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? வீட்டுக்காரர் ஜார்ஜ் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கி, டிபன் பாக்சில் வைத்துக் கொண்டுவந்தார். நான் அதை முறத்தில் போட்டு, வாழைப்பூ ஆய்வது போல அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். மேலே மெல்லிசாக ஒரு தோல். அது குடல் என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. உள்ளே கைமா, கொழுப்பு, மிளகு, கொஞ்சம் ரொட்டித் தூள். இவ்வளவுதானா என்று குதிக்காத குறை.

பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த மாமியார் முறத்தை எட்டிப் பார்த்தார். "இது இன்னாது?" என்றார். விளக்கிச் சொன்னேன். பிசைகிற கையை நிறுத்தாமல் அவர் சொன்னது:

"ஆட்டுக்குள்ள இருந்தத வெளிய எடுத்து, கழுவி, மறுபடியும் அதுக்குள்ளயே வெக்கறதுக்கு, அந்த ஆட்ட அறுக்காமயே உட்டிருக்கலாமேடி!"

ஊதிப் பார்த்து வாங்கியது

குழம்புக்குக் குடல் வாங்குகிறவர்கள் துண்டு போட்டு வாங்குவார்கள். எனக்கு வேண்டியது முழு நீளம், அதிலும் ஓட்டை இல்லாதது. கறிக்கடை காதர் பாய் நல்ல மனுஷர். குடலைக் கொத்தாக எடுத்து என் தூக்கில் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதியில் கத்தி பட்டு ஓட்டை. அடுத்த வாரம் உஷாராகிவிட்டேன். கடையிலேயே தண்ணீர் விட்டு அலசி, ஒரு முனையில் பப்பாளி இலைக் காம்புக் குழலைச் செருகி, கடைக்குப் பக்கத்திலேயே நின்று ஊதினேன். குடல் நீள நீளமாகப் புடைத்தது. எங்கே காற்றுப் போகிறதோ அந்த இடத்தைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டேன். என்ன சந்தோஷம் தெரியுமா! ஊதுவதில் மூழ்கிப்போய், சுற்றிலும் கூட்டம் கூடியதைக் கவனிக்கவே இல்லை.

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"யம்மா, உனக்கு எவ்ளோ கொடல் வேணுமோ எடுத்துக்கினு போ, ஊட்ல வெச்சி ஊதிப் பாத்துட்டு ஓட்டையைத் திருப்பிக் குடு. நீ இங்க நின்னு ஊதுனா, வர்றவன்லாம் இது பலூன் கடைனு நெனச்சிக்கினு கறி வாங்காமயே போறான்!"

சீடை மாதிரி வெடித்தது

குடலைக் கழுவுவதில் ஒரு வித்தை நானே கண்டுபிடித்தேன். முனையை ரவிக்கைக் கை மடிப்பதுபோல ஒரு மடிப்பு மடித்து, அந்த மடிப்புக்குள் மோட்டார் தண்ணீரைப் பிடித்தால், தண்ணீர் பாரத்துக்குக் குடல் தானாகவே உள்பக்கம் வெளியே வரத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் கல்லுப்பு, மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தால் பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும். முதல் தடவை அது திரும்பியபோது நான் போட்ட சத்தத்தில் குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

அடைப்பதற்கு முறுக்கு அச்சு. ஒற்றைத் துளை வில்லையைப் போட்டு, அதன் வாயில் ஒரு தகரக் குழாயை ஈயத்தால் பற்ற வைத்து வாங்கினேன். குடலைக் குழாயில் ஏற்றி அமுக்கினால் கறி சரசரவென்று இறங்கும். ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கல் மாதிரி அடைத்தேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நான்கைத் தூக்கிப் போட்டேன். ஈரம் போகாத சீடை வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். ஒன்று கூரையில் ஒட்டியது, ஒன்று விறகு அடுக்கில் போய் விழுந்தது. மாமியார் குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தளர அடைக்க வேண்டும், ஊசியால் குத்த வேண்டும், தீயைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த புத்தி.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கம்பெனியில மிஷின் ஓட்றதுக்கு முன்னாடி அம்பது தடவ செக் பண்றாங்க. நீ இன்னாடான்னா நேரா கூரைக்கே அனுப்பிட்ட?"

உப்புக்கண்டப் புத்தி

இந்தத் தப்பை எங்கள் பக்கத்துப் பெண்கள்தான் செய்வார்கள். பழவேற்காட்டுக் கருவாடு தெரியும், வீட்டில் போடும் உப்புக்கண்டம் தெரியும். கறி கெடாமல் இருக்க வேண்டுமா, உப்பைப் போடு, வெயிலில் போடு. பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே? முதல் முதலாக கெஸ்ட் ஹவுசுக்கு அனுப்பப்போகும் சாசேஜ் ரயிலில் கெட்டுவிடக் கூடாது என்று கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். காக்கை வராமல் இருக்கப் பக்கத்திலேயே கருப்புத் துணி கட்டினேன். இரண்டு நாள் சித்திரை வெயில். ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. கெடவே கெடாது என்று பெருமையாகக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த நாள் ஜார்ஜ் அண்ணன் அதில் ஒன்றை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே அவர் சொன்னதை வீட்டுக்காரர் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்:

"தங்கச்சிகிட்ட கேளுப்பா, இத்த சமைக்கறதா இல்ல கதவுக்குத் தாழ்ப்பாளா போடறதான்னு. தொரைக்கு முன்பல்லு ஒண்ணு ஆடுதாம்!"

அன்றோடு வெயிலை விட்டேன். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் எந்நேரமும் சில்லென்று இருக்கும். மூடி போட்ட பித்தளைத் தூக்கில் சாசேஜைப் போட்டு அந்தத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். விடியற்காலை எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி முதல் ரயிலில் கொடுத்தனுப்பினால், கும்மிடிப்பூண்டி சேரும்வரை குளிர்ச்சி போகாது.

யார் கை முழம்?

சாசேஜை நடுநடுவே கட்டிப் பிரிக்க வேண்டும். எனக்குக் கட்டத் தெரிந்தது பூ. அதே விரல், அதே முடிச்சு. நாருக்குப் பதில் நூல். பார்ப்பதற்கு மாலை மாதிரியே இருக்கும். மாலையை எப்படி விற்பது? முழம் போட்டுத்தானே! எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. தராசும் என்னிடம் இல்லை. ஒரு முழம், இரண்டு முழம் என்று சொல்லியே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நானே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுசுக்குக் கொண்டுபோனேன். ஜார்ஜ் அண்ணன் ஆறடி ஆள். என் சாசேஜைத் தன் கையால் முழம் போட்டார். என் கைக்கு ஆறு வந்தது, அவர் கைக்கு ஐந்துதான் வந்தது. "இன்னா தங்கச்சி, ஒரு முழம் குறையுதே?" என்றார். "அண்ணே, பூக்காரி கையாலதான் முழம். வாங்கறவங்க கையால போட்டா எந்த ஊர்லயாவது பூ கெடைக்குமா?" என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. பின்கட்டில் நடந்த ரகளை கேட்டு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் எழுந்து வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். ஜார்ஜ் அண்ணன் இங்கிலீஷில் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார். மறுபடி ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு சமையற்கட்டுக் கதவு நிலையில் பென்சிலால் மேலும் கீழும் இரண்டு கோடு போட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். குழந்தை அந்த டேப்பைப் பிடுங்காததுதான் பாக்கி!

ஜார்ஜ் அண்ணன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்:

"நீ கெலிச்சிட்ட தங்கச்சி. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்ளோவோ அதான் இனிமே இந்த கிச்சனுக்கு ஒரு முழமாம். என் கைய பாக்கெட்லயே வெச்சிக்கணுமாம்!"

மோட்டார் எரியுது!

துரைமார்களுக்குப் புகை போட்ட சாசேஜ் என்றால் உயிர் என்று ஜார்ஜ் அண்ணன் ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் புகை போட்டால் மாமியார் விடமாட்டார். மோட்டார் கொட்டகையில் ஒரு மூலையில் மண் அடுப்பு வைத்து, உமியும் காய்ந்த கொய்யாக் குச்சியும் போட்டு மூட்டம் போட்டேன். மேலே கழியில் சாசேஜ் மாலை. கதவைச் சாத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுச் சந்து வழியாகப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

விவசாயக் குடும்பத்தில் மோட்டார் காயில் எரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நிலத்து நாயுடுகாரு தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் பின்னால் குடமும் பானையுமாக நாலு பேர். நான் எழுந்து சொல்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே மோட்டார் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே சாசேஜ் பொன் நிறத்தில் தொங்குகிறது. நாயுடுகாரு மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார்.

"ஏம்மா, நான் நெஞ்சு பதறி ஓடியாறேன், இங்க வந்தா எனக்குப் பசிக்குது! இனிமே பொகை போடறதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடு, பானைக்குப் பதிலா தட்டு எடுத்துக்கினு வரேன்."

உப்புப் பார்க்க ஆளில்லை

வந்தது பெரிய ஆர்டர். மிஷின் முதல் முதலாக ஓடப்போகிறது, கெஸ்ட் ஹவுசில் ஆபீசர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு. நாற்பது முழம் வேண்டும். "இது நல்லா போச்சின்னா வாராவாரம் உங்கிட்டதான், மேனேஜரே சொல்லிட்டாரு" என்று ஜார்ஜ் அண்ணன் சொல்லியனுப்பினார். மாமியார் வைத்த கெடுவுக்கு இதுதான் பதில்! எந்த நாள் என்று கேட்டேன். புரட்டாசி சனிக்கிழமை.

புரட்டாசி மாசம் முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அதிலும் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை. மாமியார் ஒரே வார்த்தை சொன்னார்: "செய்யறதுன்னா வரப்புக்கு அந்தாண்ட செய். ஊட்டுக்குள்ள வரும்போது தலைக்குக் குளிச்சிட்டு வா." வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவே போதும் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு மோட்டார் கொட்டகையில் இறங்கிவிட்டேன்.

கறி பிசைந்தாயிற்று. எப்போதும் பாதி உப்பைப் போட்டுப் பிசைந்து, ஒரு துளி எடுத்து வறுத்து ருசி பார்த்துவிட்டுத்தான் மீதியைப் போட்டு அடைப்பேன். வறுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் உறைத்தது, நானும் விரதம்! வீட்டுக்காரரும் விரதம். நாயுடுகாரு வீட்டிலும் அதே. ஊரிலேயே வாய் வைக்க ஆளில்லை. ஜார்ஜ் அண்ணனிடம் காட்டலாம் என்றால் கும்மிடிப்பூண்டி போய்த் திரும்புவதற்குள் கறி கெட்டுவிடும். பாய் இருக்கிறாரே என்று இலையில் மடித்துக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோன்பு நடக்குதும்மா. பொழுது எறங்கினப்புறம்தான்" என்றார். அந்த வருஷம் பார்த்துப் புரட்டாசியும் நோன்பும் ஒரே சமயத்தில் வந்திருக்கிறது!

திரும்பி வரும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. யோசித்துக்கொண்டே வந்தேன். நாளைக்குப் பெருமாளுக்குத் தளிகை போடுகிறோமே, அதில் யாராவது உப்புப் பார்க்கிறோமா? படைக்கும் வரை நாக்கில் படக் கூடாது. புளியோதரை, வடை, சுண்டல் எல்லாம் கை அளவிலேயே சரியாகத்தானே வருகிறது? அந்தக் கை இந்தக் கைதானே? கறியில் இப்படி நினைப்பது தப்பா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. கல்லுப்பைத் தூள் செய்து, மீதி உப்பைக் கை சொன்ன அளவு போட்டேன். நாற்பது முழத்தையும் அடைத்துக் கட்டித் தொட்டியில் இறக்கிவிட்டேன்.

பொழுது இறங்கியதும் பாய் நோன்பு திறந்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். ஒன்றை வறுத்துக் கொடுத்தேன். மென்றார். மென்றார். இன்னும் மென்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இப்ப உப்பு கம்மின்னு சொன்னா இன்னா பண்ணுவே, அத்தனையும் பிரிச்சிக் கொட்டுவியா? பயப்படாத, சரியா கீது. இன்னொண்ணு வறு, அது எப்டி கீதுன்னு பாக்கணும்!"

தட்டில் மிஞ்சியது

சனிக்கிழமை நானே ரயிலேறிக் கொண்டுபோனேன். விருந்து முடியும்வரை சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன தட்டுகள் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "உப்பாண்ணே?" என்றேன். ஜார்ஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உப்பு இல்ல தங்கச்சி. தொரைங்க அவங்க பங்க முழுங்கிட்டாங்க. நம்ம ஆபீசருங்கதான் ஒருத்தரும் தொடல. எல்லாருக்கும் புரட்டாசி சனிக்கெழம. நாள் வெச்சது தொரை. அவரு கிட்ட வாயத் தொறந்து சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கும் தோணல!"

பட்ட பாடெல்லாம் பாழா? நடவுக்குப் போகவேண்டியதுதானா? கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் வந்தேன். அங்கே நெற்றியில் நாமத்தோடு கணக்கு ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். இங்கும் அங்கும் பார்த்தார். "நீதானாம்மா செஞ்சது? உள்ளே வாசனை தாங்கல. ரெண்டு முழம் எனக்கு" என்றார். இன்றைக்கா என்று நான் திகைத்தேன். "சேச்சே, இன்னிக்கி இல்ல, ஐப்பசி பொறந்ததும்" என்றார். அவர் போனதும் ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்தார். பிறகு டைம் கீப்பர். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் மேனேஜரே ஜார்ஜ் அண்ணனைக் கூப்பிட்டு, வாராவாரம் கெஸ்ட் ஹவுசுக்கு, கூடவே ஆபீசர்களுக்கும் என்று உறுதி சொல்லிவிட்டார். கணக்கு ஆபீசர் மட்டும் கேட் வரைக்கும் என் பின்னாலேயே ஓடிவந்தார்:

"ஒண்ணாந்தேதி காலையிலயே கொண்டாந்துடும்மா. ஆனா ஊட்டுக்கு வராத, ஆபீசுக்கே வா. ஊட்ல எங்கம்மா கார்த்திகை முடியற வரைக்கும் இழுப்பாங்க!"

மாமியார் தீர்ப்பு

ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, சொன்னபடி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மாமியார் எதிரில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தளிகைச் சுண்டலை ஒரு கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார். நின்றபடியே தின்று முடித்தேன். குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது. மாமியார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"சரி, நவரை நடவுக்கு வேற ஆளு பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், இனிமே எந்தத் தொரை ஆர்டர் குடுத்தாலும் எங்கிட்ட வந்து நாள் கேட்டுக்கினுதான் ஒத்துக்கணும். உங்க கம்பெனியில ஒருத்தனுக்கும் பஞ்சாங்கம் பாக்கத் தெரியல!"

ஊரே கறியை ஒதுக்கி வைக்கிற மாசத்தில் கறித் தொழில் நிலைத்தது இந்த வட்டாரத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கும்.